விடைபெறும் மாலுமி

இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் ஆறு கடலில் கலக்குமிடத்தில் சண்டர்லாந்து என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அங்குச் செய்யப்பட்ட மண்குவளைகளின் ஒரு பக்கத்தில், 1796இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் காணப்படும். மறுபக்கத்தில் மாலுமி ஒருவன் தன் துணைவியிடம் விடைபெறுவான். அருகே, தன்னை மறவாதிருக்க வேண்டும் சில வரிகள் இருக்கும்.

செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்சிட்டு, அத்தாளைக் குவளையின்மீது ஒட்டித் தேய்த்துப் படத்தைப் பதித்தனர். ஒரு தகடு பல குவளைகளுக்கு உதவியதால் விலை குறைந்தது. சுற்றிலும் தோன்றும் இளஞ்சிவப்பு மினுமினுப்போ பொன் கலந்த பூச்சினால் உண்டானது! மிகச் சிறிதளவு பொன்னே அதற்குப் போதுமானது.

சில குவளைகளினுள் மண்தவளை ஒன்று அமர்ந்திருக்கும். பானம் குறையக் குறைய அது தலைகாட்டும். அறியாமல் பருகுபவர் திடுக்கிடுவார்.

இப்படங்களில் நுண்ணிய கலைத்திறன் இல்லை; எல்லா மாலுமிகளுக்கும் ஏறத்தாழ ஒரே முகந்தான். ஆயினும், பாய்மரக் கப்பலில் சென்றவர் திரும்புவார் என்னும் உறுதி இல்லாத காலம் அது. கரையில் காத்திருந்தவளுக்கு அம்முகம் தன் கணவனின் முகமாகவே தோன்றியிருக்கும். சில குவளைகளில் உரியவரின் பெயரும் ஆண்டும் தூரிகையால் எழுதப்பட்டுள்ளன.