பத்துத் தந்தியில் ஒன்று ஊமை

ஒன்பது தந்திகள் பாடுகின்றன. ஒன்று மட்டும் 'தொப்' என்கிறது. சுருதியில் குறையில்லை, ட்யூனரில் பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் மீட்டியதும் எழ வேண்டிய பளிச்சென்ற நாதம் இல்லை. நீண்டு இழைய வேண்டிய கார்வையும் இல்லை. அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்த ஊமைத் தந்தியிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள்தாம்.

வேறு வாத்தியமாக இருந்தால் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். இதில் முடியாது, ஏனென்றால் இந்த வாத்தியத்தின் பிழைப்பே கார்வைதான். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் பிடிபடும்: மெட்டுகளில் விரல் அழுத்துவது கிடையாது, தந்திகளின் மேல் ஒரு கட்டை வழுக்கிச் செல்கிறது. கோட்டுவாத்தியத்தில் அது பெரும்பாலும் மரக்கட்டை. ஸ்டீல் கிட்டாரில் 200 கிராமுக்கு மேல் கனக்கும் எஃகு உருளை. 1874-ல் ஹவாயில் பிறந்த ஜோசப் கெக்குகு, சிறுவனாகத் தண்டவாளத்தோரம் நடந்தபோது கிடைத்த போல்ட்டை எடுத்துக் கிட்டார் தந்தியில் உரசிப் பார்த்தான், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசைப் பித்து பிடித்தது. 1930-களின் தொடக்கத்தில் வாத்தியம் மின்சாரத்துக்கு மாறியது. 1954-ல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துச் சுருதியை வளைத்துக் காட்டியதும், நாஷ்வில் நகரத்து கன்ட்ரி இசைப் பாடகர்களுக்கு அந்த அழுகுரல் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

ஊமைத் தந்தியைத் துப்பறிவதில் ஒரு வசதி, சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவு. அதிரும் நீளத்தில் தந்தி மூன்றே இடங்களில்தான் எதையாவது தொடுகிறது. இடது ஓரத்தில் சிறு ரோலர். வலது ஓரத்தில், பெடலை மிதித்தால் அசையும் சேஞ்சரின் வளைந்த உலோக விரல். நடுவில் எஃகு உருளை. அதிர்வு இந்த மூன்றில் எங்கோ கசிகிறது, அல்லது தந்தியே கெட்டிருக்கிறது, அல்லது தந்தி நன்றாக அதிர்ந்தும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் அதைச் சரியாக வாங்கவில்லை.

ஆகவே முதல் வேலை, ஆம்ப்ளிஃபையர் வயரைப் பிடுங்கிவிட்டுக் காதை மரத்தில் வைத்துக் கேட்பது. மரத்தில் நாதம் நன்றாக இருந்தால் குற்றவாளி பிக்கப்; அதற்கும் அந்தத் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். மரத்திலும் 'தொப்' என்றால் அடுத்த சோதனை. உருளையை எடுத்துவிட்டு வெறுந்தந்தியை மீட்ட வேண்டும். பிறகு உருளையை வைத்து மீட்ட வேண்டும். உருளை வைத்தால் நன்றாகப் பேசி, வெறுந்தந்தியாக மட்டும் ஊமையாக இருந்தால் தவறு ரோலரில். இரண்டிலும் ஊமை என்றால் தந்தியையோ சேஞ்சரையோ சந்தேகப்பட வேண்டும். நேர்மாறாக, வெறுந்தந்தி மணிபோல ஒலித்து உருளை வைத்ததும் மங்கினால்?

இந்தக் கடைசி வகைதான் ஆளைச் சுற்றவிடும். ஒவ்வொரு தந்தியின் கனமும் வேறு. மூன்றாம் தந்தி 0.28 மில்லிமீட்டர்தான், பத்தாவது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் மேலே உருளை சமமாகப் படிய வேண்டுமே! அதனால் பல கிட்டார்களில் ரோலரின் பள்ளத்தை அந்தந்தத் தந்தியின் கனத்துக்கேற்பக் கடைந்திருப்பார்கள். தந்திகள் கீழே ஏறியிறங்கிக் கிடந்தாலும் மேல்விளிம்பு ஒரே மட்டமாக நிற்கும். ஒருநாள் ஆர்வக்கோளாறில் ரோலர்களைக் கழற்றித் துடைத்து இடம் மாற்றிப் பொருத்திவிட்டால் போச்சு. ஒரு தந்தி பக்கத்தில் இருப்பவற்றைவிட முடியளவு தாழ்ந்து போகும். உருளை அதை அரைகுறையாகத் தொடும். ரோலருக்கு அருகே முதல் இரண்டு மெட்டுக் கோடுகளில் இது அப்பட்டமாகத் தெரியும். ரோலரை ஒட்டி உருளையைக் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், தாழ்ந்த தந்திக்கு மேல் வெளிச்சக் கீற்று ஒன்று ஒழுகும்.

தந்தியைச் சந்தேகிப்பதென்றால் அதை மாற்றிப் பார்ப்பதே மலிவான வழி. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பத்தையும் ஒரேயடியாக மாற்றுபவர் நோயைக் கண்டுபிடிக்கவில்லை, மறைத்துவிட்டார். மாற்றும்போதே புதுத்தந்தியைக் கொன்றுவிடவும் முடியும். கம்பி சுற்றிய தந்திகளில் உள்ளே ஒரு கம்பி, அதன் மேல் இறுக்கமான சுற்று. முனையை மடிக்காமல் கட்டிங் பிளேயரால் நறுக்கினால், உள்கம்பி உருண்டையாக உள்ள தந்திகளில் சுற்று தளர்ந்துவிடும். பிறகு சுற்றும் கம்பியும் தனித்தனியாக அதிரும், கார்வை போய்விடும். முதலில் முனையைச் செங்குத்தாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் நறுக்குவதுதான் விவரமறிந்தவர் செய்வது. மாட்டும்போது தந்தியை முறுக்கிவிட்டாலும் இதே கதிதான்.

புதுத்தந்தியும் ஊமையென்றால் சேஞ்சர் விரலைப் பார்க்க வேண்டும். தந்தி எஃகு, விரல் பெரும்பாலும் அலுமினியம். பெடலை மிதிக்கும்போதெல்லாம் தந்தி அதன் மேல் தேய்ந்து நாளடைவில் ஒரு வடு விழுகிறது. தந்தியைத் தளர்த்தி நகத்தால் வருடினால் நகம் சிக்கும். கழற்றாமலே கண்டுபிடிக்க ஒரு தந்திரம்: பெடலைப் பாதி மிதித்துக்கொண்டு மீட்ட வேண்டும். விரல் கொஞ்சம் உருண்டு, தந்தி வடுவிலிருந்து விலகும். அப்போது சட்டென்று உயிர் வந்தால் ஐயமே இல்லை. மருந்து, மிக நைசான உப்புத்தாளும் உலோகப் பாலிஷும். அளவோடு தேய்க்க வேண்டும். வளைவு தட்டையாகிவிட்டால் தந்தி சித்தார் போல இரையும்.

இதைப் படிக்கும் சங்கீத ரசிகருக்குத் தம்புரா நினைவுக்கு வரலாம். அங்கும் உயிர், தந்தி படியும் இடமான குதிரை மேல்தான். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்தினால் நாதம் திறக்கிறது, அல்லது அடைக்கிறது. தம்புராக்காரர் வேண்டுமென்றே விரும்பும் அந்த இரைச்சலை ஸ்டீல் கிட்டார்காரர் விரட்டுகிறார், அதுதான் வித்தியாசம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, தந்தி இன்னும் ஊமை. அப்போது பக்கத்தில் இருக்கும் யாரையாவது கூப்பிட்டு மீட்டச் சொல்ல வேண்டும். இந்த வாத்தியத்தில் ஒரு ஸ்வரம் முடிந்ததும் வலது உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளை அமர்த்துவது வழக்கம். அந்தக் கை சில சமயம் முழுதாக எழும்புவதில்லை. சுண்டுவிரல் பக்கத்துச் சதை, தெரியாத அளவுக்கு, தந்தியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் வந்து ஒற்றை விரலால் சுண்டுகிறான். தந்தி கணீரென்று ஒலிக்கிறது. பிரித்துப் போட்ட ரோலர்கள் மேசையில் கிடக்கின்றன.