சொல்லும் சார்பும்

நுழையும்முன்

மொழிக்கடலில் சொற்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஓரிடத்தில் ஒரு பொருள் தரும் சொல், வேறோரிடத்தில் வேறு பொருள் தருகிறது. அகராதி ஒரு சொல்லின் பொருள்கள் அனைத்தையும் வரிசைப்படுத்தித் தரும். அவற்றுள் எது இவ்விடத்திற்கு உரியது என்பதை அது சொல்லாது. அதனைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு கேட்பவரைச் சார்ந்தது. அப்பொறுப்பை நிறைவேற்றத் தமிழ் இலக்கணம் காட்டும் வழியை, வட சென்னையில் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களில் பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை.

துறைமுகத்துச் சொற்கள்

சென்னைக்கு வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரை, உழைப்பின் நிலம். 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1881இல் சென்னைத் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. பின்னர்த் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஊர்தித் தொழிற்சாலைகளும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூரையும் அத்திப்பட்டையும் ஒட்டி அனல்மின் நிலையங்களும் எழுந்தன. 2001இல் எண்ணூரில் மற்றொரு பெருந்துறைமுகம் வணிகப் பணியைத் தொடங்கியது. அது இன்று காமராசர் துறைமுகம் எனப்படுகிறது.

கப்பலும் இரும்பும் எந்திரமும் வந்தபோது அவற்றோடு ஆங்கிலச் சொற்களும் வந்தன. பள்ளியில் ஆங்கிலம் பயிலாதவர்களும் அச்சொற்களைத் தம் தொழிலின் வழியே கற்றனர். எனவே, ஒரே சொல்லைப் பள்ளி மாணவர் ஒரு பொருளிலும் துறைமுகத் தொழிலாளர் வேறொரு பொருளிலும் அறிந்திருப்பது இங்கு இயல்பு. ‘பெர்த்’ என்றால் தொடர்வண்டிப் பயணிக்குப் படுக்கை. துறைமுகத் தொழிலாளருக்குக் கப்பல் அணைந்து நிற்கும் இடம். இருவர் கூறுவதும் சரியே. அவ்வாறாயின், கேட்பவர் எப்பொருளைக் கொள்வது?

தொல்காப்பியர் காட்டும் மூன்று வழிகள்

இவ்வினாவைத் தொல்காப்பியர் முன்பே எழுப்பி விடையும் கண்டுள்ளார். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், பல பொருள் குறித்த ஒரு சொல்லைப் பற்றி அவர் பேசுகிறார். அத்தகைய சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகிய மூன்றன்வழித் தெளியலாம் என்பது அவர் கருத்து.

‘மா’ என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். ‘மா காய்த்தது’ என்றால் அது மரம் என்பதை வினை காட்டிவிடுகிறது. ‘மாவும் பலாவும் வளர்ந்தன’ என்றால், உடன் நிற்கும் பலா என்னும் இனச்சொல் அது மரம் என்பதைத் தெளிவாக்குகிறது. ‘மா கொண்டு வா’ என்னும் தொடரில் வினையும் உதவவில்லை, இனமும் இல்லை. அங்குச் சார்பே துணை. போர்க்கோலம் பூண்டு நிற்பவர் கூறினால் அது குதிரை. அடுப்பின் அருகில் நிற்பவர் கூறினால் அது அரிசி மாவு.

இவ்விதி தமிழுக்கெனக் கூறப்பட்டது. எனினும், பல பொருள் ஒரு சொல் எல்லா மொழிகளிலும் உண்டு. எனவே, இம்மூன்று வழிகளும் பிறமொழிச் சொற்களுக்கும் பொருந்துகின்றன.

வினையால் தெளிதல்

‘டிராப்ட்’ என்னும் சொல்லைக் காண்போம். ‘டிராப்ட் எடுத்தார்’ என்றால் வங்கி வரைவோலை. ‘டிராப்ட் எழுதினார்’ என்றால் ஒரு கடிதத்தின் முதல் வரைவு. ‘சரக்கை இறக்கியபின் டிராப்ட் குறைந்தது’ என்றால் நீருக்குள் மூழ்கியிருக்கும் கப்பற்பகுதியின் ஆழம். எடுத்தல், எழுதுதல், குறைதல் ஆகிய வினைகளே மூன்று பொருள்களையும் பிரித்துக் காட்டுகின்றன. இறுதியாகக் கூறிய பொருள் துறைமுகத்திற்கு இன்றியமையாதது. ஒரு கப்பலின் டிராப்ட் எவ்வளவு என்று அறியாமல், அதனை எந்தப் பெர்த்தில் அணைக்கலாம் என்று முடிவு செய்ய இயலாது. ஆழம் போதாத இடத்தில் கப்பலின் அடிப்பாகம் தரைதட்டிவிடும்.

இனத்தால் தெளிதல்

‘பிளான்ட்’ என்னும் சொல் வேர், இலை, பூ ஆகியவற்றோடு வந்தால் செடி. கொதிகலன், சுழலி, புகைபோக்கி ஆகியவற்றோடு வந்தால் தொழிற்கூடம். ‘கிரேன்’ என்னும் சொல் நாரை, கூழைக்கடா ஆகியவற்றோடு வந்தால் ஒரு பறவை. கொக்கி, இரும்புவடம் ஆகியவற்றோடு வந்தால் பளுதூக்கி. ‘போர்ட்’ என்றால் துறைமுகம் என்பது பலரும் அறிந்ததே. ஆனால், கப்பலில் ‘போர்ட், ஸ்டார்போர்டு’ என இரண்டும் இணைந்து வரும்போது அவை முறையே கப்பலின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் குறிக்கின்றன. உடன் வரும் சொல்லைக் கவனியாதவர், இடப்பக்கம் என்று கூறப்பட்டதைத் துறைமுகம் என்று பிழையாக உணர்வார்.

சார்பால் தெளிதல்

பழைய ஆங்கில ஆவணங்களில் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என்னும் தொடர் காணப்படுகிறது. கப்பல்கள் ‘மெட்ராஸ் ரோட்ஸில்’ நின்றன என்று படிக்கும் இன்றைய மாணவர் திகைப்பது இயல்பே. சாலையில் கப்பல் எவ்வாறு நிற்கும்? கடலோடிகளின் வழக்கில் ‘ரோட்ஸ்’ என்பது கரைக்குச் சற்று அப்பால் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் நீர்ப்பரப்பைக் குறிக்கும். துறைமுகம் அமைவதற்கு முன்பு கப்பல்கள் சென்னைக் கரையை அணைய இயலவில்லை. அவை திறந்த கடலிலேயே நின்றன. மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலைகளைக் கடந்து சென்று, மக்களையும் சரக்குகளையும் கரைசேர்த்தன. இவ்வரலாற்றுச் சார்பை அறிந்தவருக்கே அத்தொடர் பொருள் தரும்.

பொருள் விரியும் முறை

ஒரு சொல்லின் பல பொருள்கள் பெரும்பாலும் தொடர்பின்றித் தோன்றுவதில்லை. அவற்றை ஓர் இழை இணைத்திருக்கும். ‘டிராப்ட்’ என்பது இழுத்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. எழுதுகோலால் கோடு இழுப்பது வரைவு. கணக்கிலிருந்து பணத்தை இழுப்பது வரைவோலை. தமிழிலும் ‘வரை’ என்னும் ஒரே அடியிலிருந்து வரைவும் வரைவோலையும் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. ‘ரோடு’ என்பதன் வேர் சவாரி செய்தல் என்னும் பொருளுடையது. நிலத்தில் சவாரி செல்லும் வழி ஒன்று. நங்கூரமிட்ட கப்பல் அலைமீது சவாரி செய்யும் இடம் மற்றொன்று. பளுதூக்கிக்குக் கிரேன் என்னும் பெயர் வந்தது, அதன் தோற்றம் நீண்ட கழுத்துடைய பறவையை ஒத்திருந்ததால்.

சில பொருள்களை வரலாற்று நிகழ்ச்சிகள் படைக்கின்றன. ‘ஸ்டிரைக்’ என்பதற்கு அடித்தல் என்று பொருள். கேரம் ஆட்டத்தில் காய்களை அடிக்கும் வில்லைக்கு ஸ்டிரைக்கர் என்னும் பெயர் இதனால் அமைந்தது. கப்பலோட்டிகளிடையே அச்சொல்லுக்குப் பாயைக் கீழிறக்குதல் என்னும் பொருளும் உண்டு. 1768இல் இலண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் தம் ஊதியக் குறையை எதிர்த்துக் கப்பற்பாய்களை இறக்கிவைத்தனர். பாய் இறங்கினால் கப்பல் நகராது. அன்றுமுதல் அச்சொல் வேலைநிறுத்தத்தையும் குறிக்கலாயிற்று.

கடல் கடந்த தமிழ்ச் சொற்கள்

வட சென்னைக்கு ஆங்கிலச் சொற்கள் வந்ததைப் போலவே, தமிழ்ச் சொற்களும் இக்கடற்கரையிலிருந்து புறப்பட்டுச் சென்றன. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படுவது கட்டுமரம். சோழமண்டலக் கரையில் வழங்கிய இப்பெயரை ஆங்கிலக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் குறிப்பிட்டார். அதன்பின் அச்சொல் பல பொருள்களைப் பெற்றது. 1804இல் நெப்போலியனுடன் நடந்த போரின்போது ஆங்கிலேயர் பயன்படுத்திய மிதவை வெடிகலங்களுக்கும் அப்பெயர் வழங்கியது. 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெர்ரெஷாப் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு ஒன்றைச் செலுத்திப் புகழ்பெற்றார். இன்று ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ என்றால் அத்தகைய இரட்டை உடல் படகு என்பதே முதன்மைப் பொருள். அதில் கட்டும் இல்லை. பல வேளைகளில் மரமும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துள்ளது.

மற்றொரு சொல்லின் பயணம் துயரமானது. தமிழில் ‘கூலி’ என்பது உழைப்புக்குரிய ஊதியம். ஆங்கிலத்தில் ‘கூலி’ என்பது ஊதியத்தைக் குறிக்காமல், உழைக்கும் மனிதரைக் குறித்தது. ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. தமிழ்ச் சொல்லே அதன் மூலம் என்பது அவற்றுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தத் தொழிலாளராகக் கடல் கடந்தவர்கள் இச்சொல்லால் அழைக்கப்பட்டனர். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் அனைவருக்கும் அது இழிபெயராயிற்று. வழக்கறிஞராகச் சென்ற காந்தியடிகளும் ‘கூலி வழக்கறிஞர்’ எனப்பட்டார். உழைப்பவரின் உரிமையைச் சுட்டிய சொல், சார்பு மாறியபோது உழைப்பவரை இழிவுபடுத்தும் சொல்லாகிவிட்டது. ஒரு சொல்லைப் பயன்படுத்துவோர் அதன் பொருளை மட்டுமன்றி, அது யாரை எவ்வாறு தாக்கும் என்பதையும் அறிதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கப்பலின் இடப்பக்கத்தை ஆங்கில மாலுமிகள் முற்காலத்தில் ‘லார்போர்டு’ என்றனர். வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’. காற்றும் அலையும் இரைச்சலிடும் கடலில் இரண்டும் ஒன்றுபோல் ஒலித்துக் குழப்பம் விளைத்தன. எனவே, 1844இல் பிரித்தானியக் கடற்படை லார்போர்டு என்பதற்கு மாற்றாகப் ‘போர்ட்’ என்னும் சொல்லையே பயன்படுத்துமாறு ஆணையிட்டது.

பொருள் மயக்கம் தரும் இடர்

நூல்களைப் படிக்கும்போது ஒரு சொல்லைத் தவறாக உணர்ந்தால் மீண்டும் படித்துத் திருத்திக்கொள்ளலாம். தொழிற்சாலையில் அத்தகைய வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

எண்ணெய் ஏற்றிச் செல்லும் சரக்குந்துகளின் பின்புறத்தில் ‘ஹைலி இன்ப்ளேமபிள்’ என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பது இதன் பொருள். ஆங்கிலத்தில் பல சொற்களின் முன் வரும் ‘இன்’ என்னும் முன்னொட்டு எதிர்மறையைக் காட்டும். அந்தப் பழக்கத்தால், இதனைத் தீப்பற்றாதது என்று உணர்வோர் உண்டு. இங்கு வரும் ‘இன்’ எதிர்மறை அன்று. தீமூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் பகுதியாகும். இம்மயக்கத்தைத் தவிர்க்க, 1920களில் அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பினர் ‘ப்ளேமபிள்’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்தனர். இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே.

இதனினும் எளிய சொல் ‘எம்ப்டி’. வெற்றானது என்பது அதன் பொருள். அமெரிக்காவில் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பெஞ்சமின் லீ வோர்ப் மொழியியல் ஆய்வாளராகவும் விளங்கினார். தீவிபத்துகளை ஆராய்ந்த அவர் ஓர் உண்மையைக் கண்டார். பெட்ரோல் நிரம்பிய உருளைகளின் அருகில் தொழிலாளர்கள் விழிப்புடன் நடந்துகொண்டனர். வெற்று உருளைகளின் அருகிலோ கவலையின்றிப் புகைபிடித்தனர். உண்மையில் வெற்று உருளையே மிகுந்த இடர் உடையது. நீர்மம் தீர்ந்தபின்னும் அதனுள் எஞ்சும் ஆவி காற்றுடன் கலந்து வெடிக்கும் தன்மை பெறுகிறது. கணக்கெழுதுபவருக்கு ‘எம்ப்டி’ என்றால் சரக்கு இல்லை; தீயணைப்பவருக்கு அச்சொல்லே எச்சரிக்கை.

மணலியிலும் எண்ணூரிலும் எண்ணெயும் வேதிப்பொருளும் கொண்ட தொட்டிகள் பல உள்ளன. அங்குப் பணிபுரிவோருக்கு இவ்வேறுபாடு உயிர் காக்கும் அறிவு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை உணர்ந்தே சொற்களைக் கையாண்டது. தீப்பற்றும் பொருளைக் கொண்டுள்ள கலம் என்பதோடு அச்சட்டம் நிற்கவில்லை. முன்பு கொண்டிருந்த கலத்தையும் சேர்த்துக் கூறியது. அப்பொருளையும் அதன் ஆவியையும் அகற்றாமல் அக்கலத்தில் பற்றவைப்பு வேலை செய்யலாகாது என விதித்தது. ‘வெற்று’ என்னும் சொல் மறைத்ததைக் ‘கொண்டிருந்த’ என்னும் இறந்தகாலச் சொல் வெளிப்படுத்திவிட்டது. சட்டம் இயற்றுவோரும் காலம் காட்டும் சொல்லை இவ்வளவு நுட்பமாகத் தேர்ந்திருப்பது, மொழியறிவும் பணிப்பாதுகாப்பும் வேறுவேறல்ல என்பதை உணர்த்துகிறது.

கேட்டுத் தெளிதல்

வினையைக் காண்க, இனத்தை நோக்குக, சார்பை உணர்க. இம்மூன்றாலும் பொருள் விளங்காதபோது, அச்சொல்லை வழங்குவோரிடமே கேட்டறிதல் வேண்டும். தெரியாத சொல்லின் பொருளைக் கேட்க மாணவர் தயங்குவதில்லை. தெரிந்த சொல்லின் பொருளைக் கேட்கவே பலரும் கூசுகின்றனர். பெரும்பாலான மயக்கங்கள் தெரிந்த சொற்களிலேயே பிறக்கின்றன. ஆலைக்கோ அலுவலகத்திற்கோ கப்பலுக்கோ முதல்நாள் பணிக்குச் செல்பவர், ‘இங்கு இச்சொல்லுக்கு என்ன பொருள்?’ என்று வினவுதல் இழுக்கன்று. தொல்காப்பியர் வகுத்த சார்பு என்னும் வழியின் இன்றைய நடைமுறை அதுவே.

கற்பவை கற்றபின்

1. ‘பார்’, ‘ஷிப்ட்’, ‘லைன்’ ஆகிய சொற்கள் உங்கள் பகுதியில் எவ்வெப்பொருளில் வழங்குகின்றன என்பதைத் தொடர்களில் அமைத்துக் காட்டுக. ஒவ்வொரு தொடரிலும் பொருளைத் தெளிவிப்பது வினையா, இனமா, சார்பா எனக் குறிப்பிடுக.

2. உங்கள் குடும்பத்தினர் அல்லது அண்டை வீட்டாரின் தொழிலில் தனிப்பொருளில் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டறிந்து, வகுப்பில் பகிர்க.

3. ‘சொற்பொருள் அறிதலும் பணிப்பாதுகாப்பும்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் எழுதுக.