பிலீவ் (செர் பாடல்)

பிலீவ் என்பது அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான செர் 1998 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளியிட்ட ஆங்கிலப் பாடலாகும். இது இதே பெயர் கொண்ட இசைத்தொகுப்பின் முதல் தனிப்பாடலாக வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெகுசனப் பாடகியாக அறியப்பட்டிருந்த செர், தமது 52 ஆவது வயதில் மின்னணு நடன இசைக்கு மாறியதை இப்பாடல் குறிக்கின்றது. குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ டியூன் என்னும் மென்பொருள், மறைக்கப்படாமல் வெளிப்படையாகக் கேட்கும் வண்ணம் பயன்படுத்தப்பட்டு உலகளவில் புகழ்பெற்ற முதல் பாடலும் இதுவே ஆகும்.

பின்னணி

செர் 1946 ஆம் ஆண்டு மே 20 அன்று கலிபோர்னியாவில் பிறந்தார். 1965 ஆம் ஆண்டில் சன்னி போனோவுடன் இணைந்து சன்னி அண்டு செர் என்னும் இரட்டையராகப் புகழ் பெற்றார். 1971, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் இவரது தனிப்பாடல்கள் ஐக்கிய அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்தை அடைந்தன. 1979 இல் டிஸ்கோ இசையிலும் 1980களின் இறுதியில் ராக் இசையிலும் பாடினார். மூன்ஸ்ட்ரக் (1987) திரைப்படத்தில் நடித்தமைக்காகச் சிறந்த நடிகைக்கான ஆசுக்கர் விருதையும் பெற்றார்.

எனினும் 1990களில் இவரது செல்வாக்குக் குறைந்தது. தொலைக்காட்சியில் அழகுப் பொருள்களுக்கான நீண்ட விளம்பர நிகழ்ச்சிகளில் தோன்றியமை கேலிக்கு உள்ளானது. 1995 இல் வெளிவந்த இட்'ஸ் எ மேன்'ஸ் வேர்ல்ட் என்னும் தொகுப்பு ஐக்கிய அமெரிக்காவில் எதிர்பார்த்த விற்பனையை எட்டவில்லை. 1998 சனவரியில், முன்னாள் கணவரும் அந்நாளில் அமெரிக்கக் காங்கிரசு உறுப்பினருமாக இருந்த சன்னி போனோ பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். அவரது இறுதிச் சடங்கில் செர் இரங்கல் உரை ஆற்றினார். இளையோரையே முதன்மைப்படுத்தும் வெகுசன இசையுலகில் இவருடைய காலம் முடிந்துவிட்டது என்னும் கருத்து அப்போது நிலவியது.

உருவாக்கம்

வார்னர் இசை நிறுவனத்தின் பிரித்தானியப் பிரிவுத் தலைவராக இருந்த ராப் டிக்கின்சு, செர் நடன இசைத்தொகுப்பு ஒன்றைப் பாட வேண்டும் என்று கருதினார். நடன விடுதிகளில், குறிப்பாகத் தற்பாலீர்ப்பினரிடையே, செருக்கு நீண்டகாலமாக இரசிகர்கள் இருந்தமை இதற்கு ஒரு காரணமாகும். நடன இசையில் உண்மையான பாடல்கள் இல்லை என்று கூறி, செர் முதலில் தயங்கினார்.

பிரையன் கிக்கின்சு எழுதிய மாதிரிப் பாடல் ஒன்றின் பல்லவி டிக்கின்சுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சரணங்கள் நிறைவளிக்கவில்லை. எனவே பாடல் பலரிடம் சென்று திருத்தப்பட்டது. இறுதியில் ஆறு பேர் இதன் ஆசிரியர்களாகப் பதிவு செய்யப்பட்டனர். சரணத்தின் சில வரிகளைத் தாமும் மாற்றியதாகச் செர் தெரிவித்துள்ளார். எனினும் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மார்க் டெய்லர், பிரையன் ராலிங் ஆகியோர் இலண்டனில் பாடலைத் தயாரித்தனர்.

இசையமைப்பு

பாடலின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 133 அடிகள் ஆகும். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளவட்டத்தில் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் பெருமுரசின் அடி விழுகின்றது. இது டிஸ்கோவிலிருந்து ஹவுஸ் இசைக்கு வந்த முறையாகும். விடுதிகளுக்கான நடன இசையில் தாளமே முதன்மை பெற்று, பாடல் ஒருசில வரிகளாகச் சுருங்கிவிடுவது உண்டு. பிலீவ் பாடலில் அவ்வாறின்றி, பிரிவையும் மீட்சியையும் கூறும் சரணங்களும் எளிதில் நினைவில் நிற்கும் பல்லவியும் முழுமையாக அமைந்துள்ளன. செர் எழுப்பிய தயக்கத்துக்கு இவ்வமைப்பே விடையாக அமைந்தது எனலாம்.

குரல் மாற்றம்

ஆட்டோ டியூன் மென்பொருளை உருவாக்கியவர் ஆன்டி ஹில்டிபிராண்டு என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஆவார். இவர் முன்பு எண்ணெய்த் தொழில்துறையில் பணியாற்றியவர். நிலத்தினுள் ஒலியலைகளைச் செலுத்தி, திரும்பி வரும் அலைகளைக் கணித முறையில் ஆராய்ந்து எண்ணெய் இருக்கும் இடத்தை அறிவது அவரது துறையாகும். அதே வகைக் கணிதத்தை மனிதக் குரலுக்குப் பயன்படுத்தி, 1997 இல் ஆட்டோ டியூன் மென்பொருளை வெளியிட்டார்.

இம்மென்பொருள், குரலின் அலையை அதே அலையின் சற்று நகர்த்தப்பட்ட படியுடன் ஒப்பிடுகின்றது. எவ்வளவு நகர்த்தும்போது இரண்டும் மிக நெருக்கமாகப் பொருந்துகின்றனவோ, அந்தக் கால அளவே அலையின் ஒரு சுற்று ஆகும். அதிலிருந்து சுருதி கணிக்கப்படுகின்றது. பின்னர் அச்சுருதி, தெரிவு செய்யப்பட்ட சுரவரிசையில் மிக அருகிலுள்ள சுரத்துக்கு நகர்த்தப்படுகின்றது. இந்நகர்வு எவ்வளவு விரைவாக நிகழ வேண்டும் என்பதைப் பயனர் குறிப்பிடலாம். வேகம் குறைவாக இருந்தால் திருத்தம் செவிக்குப் புலப்படாது. அதுவே மென்பொருளின் நோக்கமாகவும் இருந்தது.

பிலீவ் பாடலின் சில இடங்களில், திருத்தம் உடனடியாக நிகழும்படி இவ்வளவு சுழியத்தில் வைக்கப்பட்டது. இயல்பாகப் பாடும்போது குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கின்றது. கருநாடக இசையில் கமகங்களுக்கு அடிப்படையாக இருப்பது இவ்வகைத் தொடர் அசைவே ஆகும். சுழிய அளவில் இவ்வசைவு முற்றிலும் நீங்கிவிடுகின்றது. குரல் ஆர்மோனியத்தின் கட்டைகளைப் போலப் படிப்படியாகத் தாவுகின்றது. செரின் கனத்த, தாழ்ந்த குரல் திடீரென இயந்திரத் தன்மை பெறுவது இதனாலேயே ஆகும். எனவே இங்கு ஆட்டோ டியூன் பாடகியின் பிழையை மறைக்கப் பயன்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இக்குரல் மாற்றத்தை நீக்குமாறு டிக்கின்சு கேட்டுக்கொண்டார். செர் அதற்கு உறுதியாக மறுத்துவிட்டார். தம் குரலால் அடையாளம் காணப்பட்ட ஒருவர், அக்குரலின் இயல்பு மாறித் தோன்றும் பகுதியையே காத்து நின்றார்.

தயாரிப்பாளர்கள் இம்முறையை முதலில் வெளியிட விரும்பவில்லை. சவுண்ட் ஆன் சவுண்ட் இதழில் 1999 பெப்ரவரியில் வெளிவந்த கட்டுரையில், வோகோடர் வகைக் கருவியைக் கொண்டே இவ்வொலி உருவாக்கப்பட்டது என்று கூறப்பட்டது. வோகோடர் என்பது பேச்சின் வடிவத்தை ஓர் இசைக்கருவியின் ஒலி மீது ஏற்றும் பழைய கருவியாகும். ஆட்டோ டியூன் பயன்படுத்தப்பட்டமை பின்னரே உறுதியானது.

வரவேற்பு

பிலீவ் ஐக்கிய இராச்சியத்தில் 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்நாட்டில் 1998 ஆம் ஆண்டில் மிகுதியாக விற்பனையான தனிப்பாடலும் இதுவே ஆகும். 1999 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவில் முதலிடத்தை அடைந்து 4 வாரங்கள் நீடித்தது. அந்நாட்டில் செரின் முந்தைய முதலிடப் பாடல் வெளிவந்து ஏறத்தாழ 25 ஆண்டுகள் கடந்திருந்தன. ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்ற மிக மூத்த பெண் கலைஞர் என்ற நிலையைச் செர் அப்போது பெற்றார். 2023 டிசம்பரில் பிரெண்டா லீ 78 ஆவது வயதில், செரைவிட மூத்த வயதில், அப்பட்டியலில் முதலிடம் பெற்றார். 2000 ஆம் ஆண்டு நடைபெற்ற கிராமி விழாவில் சிறந்த நடன இசைப்பதிவுக்கான விருது இப்பாடலுக்கு வழங்கப்பட்டது.

தாக்கம்

ஆட்டோ டியூனின் இவ்வொலி சில காலம் "செர் விளைவு" என்றே அழைக்கப்பட்டது. 2005 முதல் டி-பெயின் என்னும் அமெரிக்கப் பாடகர் இதனைத் தமது அடையாளமாக்கிக் கொண்டார். கான்யே வெஸ்ட் 2008 இல் வெளியிட்ட 808ஸ் அண்டு ஹார்ட்பிரேக் தொகுப்பு முழுவதிலும் இதனைப் பயன்படுத்தினார். இம்முறை குரலின் தனித்தன்மையைக் குலைக்கின்றது என்ற எதிர்ப்பும் எழுந்தது. இதனைக் கண்டித்து ஜே-சி 2009 இல் ஒரு பாடலையே வெளியிட்டார்.

செர் தொடர்ந்து லிவிங் புரூஃப் (2001) போன்ற நடன இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். 2024 ஆம் ஆண்டில் ராக் அண்டு ரோல் புகழவையில் சேர்க்கப்பட்டார். செவிக்குப் புலப்படாமல் இயங்குவதற்காக உருவாக்கப்பட்ட ஒரு கருவி, பாட்டில் வெளிப்படையாகக் கேட்கும் இசைக்கருவியாக மாறியதன் தொடக்கமாகப் பிலீவ் பாடல் கருதப்படுகின்றது.