மலை சொல்லும் கோடைச் செய்தி

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் கோடை பங்குனியிலேயே தொடங்கிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில் இரு ஊர்களும் இருக்கின்றன. பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் பங்குனி முதல் ஆடி வரை இந்த ஊர்களில் என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் மலையே முடிவு செய்கிறது.

கோடையின் முதல் பெருங்கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோவில் பூக்குழித் திருவிழாவுக்குக் கூடுகிறது. அடுத்து வரும் சித்திரையில் ஊரின் கவனம் மதுரைப் பக்கம் திரும்பும். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, பட்டு, கிளி ஆகியவை இங்கிருந்து புறப்பட்டுத் தல்லாகுளம் பெருமாள் கோவிலுக்குப் போகின்றன. அந்த மாலையை அணிந்துகொண்டுதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். அந்த வைகையின் ஊற்றுக்கண்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பின்னால் நிற்கும் மலையின் மறுசரிவில், வருசநாடு–மேகமலைப் பகுதியில்தான் இருக்கின்றன. மாலையும் ஆற்று நீரும் ஒரே மலையின் இரு பக்கங்களிலிருந்து மதுரைக்கு வந்து சேர்வதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை.

சித்திரை, வைகாசியில் ராஜபாளையத்தின் பேச்சு மாம்பழம்தான். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இந்த ஊரின் பெயரோடு ஒட்டிப்போன ரகங்கள். சேத்தூரிலிருந்து மம்சாபுரம், வத்திராயிருப்பு வரை அடிவாரம் நெடுகத் தோப்புகள் உள்ளன. பூக்கும் பருவத்தில் மழையோ பனியோ மிகுந்தால் பூ கருகி உதிரும். காய் திரண்டபின் சூறைக்காற்று அடித்தால் ஒரே மாலையில் தோப்பின் அடி முழுக்கப் பிஞ்சாகக் கிடக்கும். பழம் மணக்கத் தொடங்கினால் யானைகளும் இறங்கி வருகின்றன. காட்டில் நீரும் தீவனமும் வற்றும் நாள்களில் தோப்பில் இரண்டும் கிடைக்கின்றன. இதில் யானையைப் பகையாகப் பார்ப்பதில் நியாயமில்லை. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழக்கும் விவசாயியின் குமுறலைத் தள்ளிவிடவும் முடியாது. இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வந்தால்தான் காட்டின் மேல் அவருக்கு உள்ள பொறுமை நீடிக்கும்.

அடிவாரத் தோப்புகளை நம்பி வாழும் இன்னொரு உயிர் சாம்பல் நிற மலை அணில். அதற்காக 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில், தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயின. செண்பகத்தோப்பில் மாவும் புளியும் கிளை கோத்து நிற்கும் இடங்களில் இந்த அணில்களைக் காணலாம். மரத்துக்கு மரம் தாவியே வாழும் இவை தரையில் இறங்குவது அரிது. நடுவில் இரண்டு மரங்களை வெட்டினால் வழி அறுந்துபோகும்.

கோடையில் இந்தக் காட்டுக்குப் பேரச்சம் தீ. காய்ந்த புல்லில் பிடிக்கும் நெருப்பு காற்று வாக்கில் சரிவேறிவிடும். இங்குள்ள காட்டுத்தீக்கு மனிதக் கையே பெரும்பாலும் காரணம். வெயில் ஏறுமுன்பே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். வண்டி ஏறாத சரிவுகளில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பச்சைத் தழையால் அடித்தே நெருப்பை அணைக்கிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 23 பேர் தீக்கு இரையான பிறகு, கோடையில் காட்டுக்குள் போக விதிக்கப்படும் தடையின் பொருள் பலருக்கும் விளங்கியது.

தீ போலவே நீரும் எதிர்பாராமல் வரும். சதுரகிரி மலைக்கோவிலுக்குத் தாணிப்பாறை வழியாக ஏறுவோர் ஓடைகளைக் கடந்தே போக வேண்டும். அடிவாரத்தில் வெயில் காயும்போதே மேலே கோடை மழை கொட்டினால், சற்று முன்வரை வறண்டு கிடந்த ஓடை ஆளை அடித்துப்போகும். 2015 மே மாதம் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். மழை அறிகுறி தெரிந்தாலே வனத்துறை பாதையை மூடுவதைச் சிலர் குறை சொல்கிறார்கள். அந்த ஓடைகளை அறிந்த எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனி பிறந்தால் காற்று மாறும். குற்றாலத்தில் சீசன் தொடங்கும்போது ராஜபாளையத்துக்கும் அவ்வப்போது சாரல் எட்டிப் பார்க்கும். மலைமேல் மழை பெய்தால் அய்யனார் கோவில் ஆற்றில் நீர் வரும். நகரின் குடிநீருக்கு ஆதாரமான ஆறாவது மைல் நீர்த்தேக்கம் அதை நம்பியே இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பது அந்நாள்களில் ராஜபாளையத்தின் தலைப்புச் செய்தி. குற்றாலம் போகும் வண்டிகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்கிக்கொண்டு கிளம்பும்.

கோடையை முடித்துவைப்பது ஆடிப்பூரம், ஆண்டாளின் அவதார நாள். விழாவின் ஐந்தாம் நாள் பெரிய பெருமாள், ரெங்கமன்னார், ஸ்ரீநிவாசர், சுந்தரராஜர், திருத்தங்கல் அப்பன் ஆகிய ஐவரும் கருட வாகனத்தில் எழுந்தருள, ஆண்டாளும் பெரியாழ்வாரும் அன்ன வாகனத்தில் வருகிறார்கள். ஏழாம் நாள் ஆண்டாள் மடியில் ரெங்கமன்னார் சயனித்திருக்கும் கோலம். ஆடிப்பூரத்தன்று தேர். அதற்குத் திருவரங்கத்திலிருந்து பட்டு வருகிறது. சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் ரத வீதிகளில் கூடி வடம் பிடிக்க, பெரிய தேர் நிலை சேர்கிறது.

(தொடரும்)