பாட்டுக்கு இட்ட பொய்ப் பெயர்

சென்ற ஆண்டு நம் சங்கத்தார் நடத்திய பன்னாட்டு இசைமாலை அன்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். அன்று ஒலித்த ஒவ்வொரு பாட்டையும் இரண்டு வரிகளில் அறிமுகம் செய்யும் பணி எனக்கு வாய்த்தது. 'சுகியாக்கி' என்னும் ஜப்பானியப் பாட்டின் முறை வந்தபோது, "உணவின் சுவையைப் போற்றும் உல்லாசப் பாட்டு" என்று அறிவித்தேன். அவையினரும் தாளம் தட்டிக் கேட்டனர். விழா முடிந்தபின் ஜப்பானிலிருந்து இங்கு வந்து பயிலும் மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். மிகப் பணிவாக, "அது உணவைப் பற்றிய பாட்டன்று, அழுகையை அடக்கிக்கொண்டு நடப்பவனின் பாட்டு" என்றார். எனக்கு நாணத்தால் நாவெழவில்லை.

அந்நாணத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஒப்பாரி மெட்டில் அமைந்த தமிழ்ப் பாட்டொன்றைக் கேட்ட என் அறைத்தோழர், ஆடுவதற்கு ஏற்ற பாட்டென்று குதித்தார். அவர் வடநாட்டவர், தமிழ் அறியாதவர். "பொருள் தெரியாமல் ஆடாதே!" என்று நான் சினந்தேன். அவர் பிழை செய்தது நான்கு சுவர்களுக்குள். நான் செய்ததோ நிறைந்த அவையில்! அதற்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அப்பாட்டின் உண்மைப் பெயர் 'உஎ ஓ முயிதே அருகோ'. 'மேலே பார்த்து நடப்போம்' என்பது அதன் பொருள். ஏன் மேலே பார்க்கவேண்டும்? கண்ணில் நிறைந்த நீர் கீழே சிந்திவிடக் கூடாது என்பதற்காக! இரவில் தனியே நடக்கும் ஒருவன் தன் துயரைப் பிறர் அறியாமல் மறைக்கிறான். பாட்டின் பிற்பகுதியில் சொற்கள் நின்றுபோய்ச் சீழ்க்கை மட்டும் ஒலிக்கும். அன்று நம் அவையில் கைத்தட்டல் மிகுந்தது அவ்விடத்தில்தான். சொல் தொண்டையில் அடைத்துக்கொண்டதால் எழுந்த சீழ்க்கையாகவே இன்று அது எனக்குப் படுகிறது.

இதை எழுதியவர் எய் ரொகுசுகே. இசை அமைத்தவர் நகமுரா ஹச்சிதாய். பாடியவர் கியூ சகமொட்டோ. ஜப்பானில் 1961 இல் இது வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பானிய மாணவரும் தொழிலாளரும் பெருந்திரளாகப் போராடினர். ஒப்பந்தமோ 1960 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அத்தோல்வி தந்த சோர்வோடு இப்பாட்டின் பிறப்பை இணைத்துச் சொல்வதுண்டு. பாட்டிலோ அரசியல் ஒரு சொல்லும் இல்லை. ஆதலால் காதலில் தோற்றவனும், ஊரைப் பிரிந்தவனும், தேர்வில் தவறியவனும் அதனைத் தன் பாட்டாகவே கொள்ள முடிகிறது.

பெயர் எவ்வாறு மாறியது? இங்கிலாந்தில் கென்னி பால் குழுவினர் இதன் மெட்டை வாத்திய இசையாக 1963 இல் வெளியிட்டனர். ஜப்பானியப் பெயர் ஆங்கில நாவுக்கு வராது என்றெண்ணி, எல்லோரும் அறிந்த ஒரு ஜப்பானிய உணவின் பெயரைச் சூட்டினர். சுகியாக்கி என்பது மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளைச் சோயாச் சாறும் சர்க்கரையும் சேர்த்து இரும்புச் சட்டியில் வேகவைக்கும் பண்டம். சகமொட்டோவின் பாட்டும் அப்பெயரோடே அமெரிக்கா சென்று, 1963 ஜூனில் 'பில்போர்டு' பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. நம் தாலாட்டு ஒன்றை அயல்நாட்டார் 'சாம்பார்' என்று பெயரிட்டு விற்றால் நமக்கு எப்படியிருக்கும்? அமெரிக்க ஒப்பந்தத்தால் மனம் நொந்த காலத்தில் பிறந்த பாட்டை, அமெரிக்கரே பொருள் அறியாமல் தலைமேல் வைத்துக் கொண்டாடினர் என்பது வரலாற்றின் குறும்பு!

மொழி புரியாதபோதும் மெட்டு ஏன் இத்துணை எளிதில் நெஞ்சில் புகுந்தது? பௌதிகம் பயில்பவன் என்ற முறையில் இதனைச் சிறிது ஆராய்ந்தேன். இப்பாட்டின் முதன்மையான மெட்டு ஐந்து சுரங்களைச் சார்ந்தது. அவ்வமைப்பை ஜப்பானியர் 'யோனானுகி' என்பர். நான்காவதும் ஏழாவதும் நீக்கியது என்று பொருள். நம் ஏழு சுரங்களில் நான்காவது ம; ஏழாவது நி. இரண்டையும் நீக்கினால் எஞ்சுவன ச, ரி, க, ப, த. ஆம், நம் மோகனத்தின் சுரங்களே!

இது வியப்பாகத் தோன்றினும் மாயம் அன்று. ஒரு சுரத்தின் அதிர்வெண்ணை 3/2 ஆல் பெருக்கினால், அதனோடு மிக இனிதாக இயையும் மற்றொரு சுரம் கிடைக்கும். ச என்பதை 1 எனக் கொள்வோம். பெருக்கினால் ப, 3/2. மீண்டும் பெருக்கி, 2 ஐத் தாண்டும்போதெல்லாம் பாதியாக்கிக்கொண்டு சென்றால் ரி 9/8, த 27/16, க 81/64 என வரும். நான்கே பெருக்கலில் ஐந்து சுரமும் அமைந்துவிடுகின்றன. நடைமுறையில் சிறு திருத்தங்கள் உண்டு. எனினும் அடிப்படை இதுவே. ஆகவேதான் சீனத்திலும் ஸ்காட்லாந்திலும் தமிழகத்திலும் இவ்வைந்து சுரங்கள் ஒலிக்கின்றன. அமெரிக்க ஆசிரியர் லூத்தர் வைட்டிங் மேசன் 1880 இல் ஜப்பான் சென்று, பள்ளிகளுக்கான பாட்டுகளைத் தொகுக்க உதவினார். 'ஆல்ட் லாங் சைன்' என்னும் ஸ்காட்லாந்து மெட்டும் அத்தொகுப்பில் ஜப்பானியச் சொற்களோடு புகுந்து, பள்ளியை விட்டுப் பிரியும் நாளின் பாட்டாக நிலைபெற்றது. அதுவும் ஐந்து சுர மெட்டே.

ஆயினும், "ஜப்பானியர் மோகனம் பாடுகின்றனர்" என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டா. சுரங்கள் ஒன்றாயினும் கமகமும் பிடிப்பும் வேறு. நகமுராவின் மெட்டு மேலைநாட்டு ஒத்திசைவின்மேல் நிற்பது. அவர்தம் பாட்டுக்கு நம் இராகப் பெயரை ஒட்டுவதும், இறைச்சிப் பண்டத்தின் பெயரை ஒட்டுவதும் ஏறக்குறைய ஒரே வகைப் பிழைதான்.

இன்று நம் விடுதி அறைகளில் கொரியப் பாட்டுகளும் ஜப்பானியச் சித்திரப்படப் பாடல்களும் நாள்தோறும் ஒலிக்கின்றன. "ஆடும் பிள்ளைகளின் கூச்சல்" என்று சிலர் ஒதுக்குகின்றனர். பொருளறியாமலே சிலர் போற்றுகின்றனர். பி.டி.எஸ். குழுவினரின் 'லைஃப் கோஸ் ஆன்' 2020 இல் அதே அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த அப்பாட்டு ஆரவாரம் உடையதன்று. கொள்ளைநோயால் உலகம் நின்றுபோன நாள்களைப் பற்றிய மெல்லிய பாட்டு. ஒதுக்குவோரும் போற்றுவோரும் அதன் பொருளைக் கேட்டறிந்தால் நன்று.

சகமொட்டோ தம் 43 ஆம் வயதில், 1985 ஆகஸ்டு 12 அன்று டோக்கியோவிலிருந்து ஒசாகா சென்ற விமானம் விபத்துக்குள்ளானதில் உயிர்நீத்தார். அவ்விபத்தில் மாண்டோர் 520 பேர். அவர் பாட்டு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்து இரவில் விடுதிக்குத் திரும்புகையில் அதனை நானும் சீழ்க்கையடிப்பதுண்டு. ஊரைவிட்டு வந்தவனுக்கு அதன் பொருள் இப்போது நன்றாகவே விளங்குகிறது. சென்ற வாரம் என் அறைத்தோழரிடம் அந்த ஒப்பாரிப் பாட்டின் பொருளை வரிவரியாக எடுத்துச் சொன்னேன். அவர் இம்முறை ஆடவில்லை. பாட்டு முடிந்தபின், "இன்னொரு முறை போடு" என்றார்.