பவளம் கல்லா, செடியா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

சூரா அர்ரஹ்மானின் பொருளைச் சொல்லிக் கொடுக்கும்போது முத்தும் பவளமும் வரும் இடத்தில் பிள்ளைகள் கேட்பார்கள்: "வாப்பா, பவளம்னா என்ன? கல்லா, செடியா?" பல வீடுகளில் "கடல்ல கிடைக்கிற ஒரு கல்லுமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் சரியான பதிலைச் சொல்வது கடினமல்ல.

பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல. அது ஓர் உயிரினம். பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு, மென்மையான உயிர்கள் கூட்டமாக வாழ்கின்றன. கடல் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தமக்குக் கீழே கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. நாம் கல் என்று நினைப்பது இந்தக் கூட்டைத்தான். தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டு அது பாறையாகிறது. உருண்டையாக வளரும் பவளங்கள் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிது.

இந்தக் கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. முட்டை ஓடும், சிப்பியும், சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான். முத்தும் பெரும்பகுதி அதுவே! மனித எலும்பு மட்டும் வேறு. அதில் முக்கியமாக இருப்பது கால்சியம் பாஸ்பேட். ஆகவே "பவளத்தின் எலும்பு" என்று சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகரை ஊற்றி முட்டை ஓட்டைப் போடுங்கள். சிறு குமிழ்கள் கிளம்பும். அமிலம் பட்டதும் கால்சியம் கார்பனேட் கரைந்து கரியமில வாயு வெளியேறுவதுதான் அது. ஓரிரு நாளில் ஓடு கரைந்து மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும்.

இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: "கடல் நீரின் தன்மை மாறினால் பவளம் என்னவாகும்?" வாகனங்களும் ஆலைகளும் வெளியிடும் கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. கடல் வினிகராகிவிடாது. ஆனால் அதன் காரத்தன்மை குறையக் குறைய, பாலிப்புகள் கூடு கட்டுவது சிரமமாகிறது. கடல் அதிகம் சூடானால், பவளத்துக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் அதைவிட்டு நீங்கிவிடும், பவளம் வெளுத்துவிடும். வெப்பம் நீடித்தால் இறந்துவிடும்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அவற்றை வெட்டி எடுத்தார்கள். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் 1658-ல் கட்டப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளியின் சுவர்களும் செதுக்கிய பவளக் கற்களே. இன்று நிலைமை வேறு. பாறைகளை உருவாக்கும் பவளங்கள் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

எனவே கடற்கரைக்குப் போகும்போது, "அழகா இருக்கு" என்று பிள்ளை பவளத் துண்டைக் கையில் எடுத்தால், அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். வினிகரில் கரைந்த முட்டை ஓட்டைப் பார்த்த பிள்ளைக்கு அது எளிதில் புரியும்.