சட்டையில் வாழும் ஊர்

ஒரு பொருளின் விலை வேறு, மதிப்பு வேறு என்பதைப் பல்லாண்டுகளாக மாணாக்கர்க்கு எடுத்துரைத்து வந்தவன் யான். ஆயினும் அவ்வுண்மையைச் செவ்வனே கற்றுக்கொண்டது, ஒரு பழஞ்சட்டையைப் பாழாக்கிய பின்னரே என்பதை ஒளியாது கூறல் வேண்டும்.

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கையாரின் மகன், 2025 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் எம் இல்லத்துக்கு வந்திருந்தான். அவன் பெட்டியில் ஒரு வெண்ணிறச் சட்டை இருந்தது. மார்பில் நீலப் பறவையின் உருவம். முதுகில் 29 என்னும் எண். கழுத்துப் பட்டி மஞ்சள் பூத்துக் கிடந்தது. 'தூரதேசத்துப் பிள்ளை, துவைத்துக் கொடுப்போம்' என்று கருதி, கொதிநீரில் வெளுப்புத்தூள் கலந்து அதனை ஊறவிட்டேன். உலர்ந்ததும் ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடேற்றித் தேய்த்தேன். மஞ்சட் கறை முற்றும் நீங்கிற்று. ஆனால், எண்ணின் பாதி உருகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது.

மருமகன் சினக்கவில்லை. சட்டையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இது அப்பா போட்ட சட்டை, மாமா" என்றான்.

என் அத்தான் 1980களில் இங்கிருந்து சென்று, ரொறன்ரோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் தொழில் செய்தவர். அந்நகரத்து 'புளூ ஜேஸ்' என்னும் பேஸ்போல் அணி 1992 இலும் 1993 இலும் அடுத்தடுத்து உலகத் தொடரை வென்றது. 1993 ஒக்டோபர் 23 ஆம் நாள் இரவு, இறுதி ஆட்டத்தின் இறுதி அடியாக ஜோ காட்டர் என்பவர் பந்தை எல்லைக்கப்பால் அடித்து வெற்றியை ஈட்டினார். அவருடைய எண் 29. வீதியெங்கும் நிறைந்த மக்களோடு மக்களாக அத்தானும் அன்றிரவு நின்றாராம். 'இந்த ஊர் என்னுடையது' என்று அவர் முதன்முதல் எண்ணியது அப்பொழுதேயாம். மறுவாரக் கூலியில் அச்சட்டையை வாங்கினார். இறக்குங்காறும் ஆட்டம் நிகழும் மாலைகளில் அதனையே அணிந்திருந்தார். யான் கறையென்று எண்ணிப் போக்கியது அவர் வியர்வையை.

நாணமுற்ற யான் அந்த ஆட்டத்தைப் பற்றி அறிய முற்பட்டேன். 2025 இல் புளூ ஜேஸ் அணி மீண்டும் உலகத் தொடரின் இறுதிக்கு வந்து, ஏழாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜேர்ஸ் அணியிடம் தோற்றது. "எங்களை வென்றவர்களின் பழைய கதையை வாசித்துப் பாருங்கள், மாமா. சட்டை ஏன் பெரிதென்பது அதிலே விளங்கும்" என்றான் மருமகன். வாசித்தேன், விளங்கிற்று. அக்கதையை ஈண்டு வாசகர்க்கும் கூறுவேன்.

புறூக்ளின் நகரத்தார்

கிரிக்கெற் அறிந்த நம்மவர்க்குப் பேஸ்போல் முற்றிலும் புதிதன்று. அணிக்கு ஒன்பதின்மர், ஒருவர் எறிய, மற்றவர் உருண்டை மட்டையால் அடிக்க, அடித்தவர் சதுரமாய் அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். இரு அணியினரும் ஒன்பது முறை மாறிமாறி அடிப்பர்.

நியூயோர்க்கின் ஒரு பகுதியாகிய புறூக்ளின், 1898 வரை தனி நகரமாய் இருந்தது. அவ்வாண்டில் அது பெருநகரோடு இணைக்கப்பட்டுத் தன் தனிமையை இழந்தது. அதன் நாளிதழாகிய 'புறூக்ளின் ஈகிள்' 1955 இல் நின்றுபோயிற்று. இவ்வாறு ஒவ்வொன்றாக இழந்த ஊருக்கு, 'நாம் வேறு, நியூயோர்க் வேறு' என்று சொல்லிக்கொள்ள எஞ்சியது ஒரு பந்தாட்ட அணி. மின்சார ட்றாம் வண்டிகள் ஓடத் தொடங்கிய 1890களில், அவற்றின் முன் அகப்படாது விலகி ஓடும் ஊரவரைக் கேலி செய்து பிறந்த பெயரே 'டொட்ஜேர்ஸ்', அதாவது விலகியோடிகள். கேலிப் பெயரையே கொடியாக உயர்த்திக்கொண்டனர் புறூக்ளின் மக்கள்.

1913 இல் திறக்கப்பட்ட எபெற்ஸ் பீல்ட் அரங்கம் ஏறத்தாழ 32,000 பேரையே கொள்ளும். நெருக்கம் மிகுதி, ஆட்டக்காரரின் பேச்சும் இருக்கையிலிருந்தோர் செவிக்கு எட்டும். ஹில்டா செஸ்ரர் என்னும் மூதாட்டி மாட்டுமணி ஒன்றை ஓயாது ஒலித்துக் கொண்டிருப்பார். இசையறியா நண்பர் சிலர் கூடி ஒரு வாத்தியக் கோஷ்டி அமைத்து, எதிரணியினரையும் நடுவரையும் எள்ளி முழக்குவர். வலப்புறச் சுவரின் அடியிலே ஏப் ஸ்ராக் என்னும் ஆடை வணிகரின் விளம்பரம் நீண்டு கிடந்தது. அதிற் பந்தை நேரே அடிக்கும் ஆட்டக்காரருக்கு ஓர் உடுப்புப் பரிசு. இவ்வணிகர் பிற்காலத்தில் புறூக்ளினின் தலைவராகவே தெரிவாயினார் என்றால், அவ்வரங்கத்துக்கும் ஊருக்குமிருந்த உறவை உய்த்துணரலாம்.

அணியோ தோல்விக்குப் பேர்போனது. 1916 இலும் 1920 இலும் உலகத் தொடரில் தோற்றது. பின்னர் 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்தாண்டுகளிலும், ஆற்றுக்கப்பாலுள்ள செல்வ அணியாகிய யாங்கீஸிடமே தோற்றது. ஒவ்வொரு தோல்வியின் பின்னும் ஊரார் கூறியது ஒரு வார்த்தையே: 'அடுத்த ஆண்டு பார்ப்போம்.' வென்றவரைப் போற்றுதல் எவர்க்கும் எளிது. தோற்றவரோடு நிற்பதற்கே அன்பு வேண்டும்.

நாற்பத்திரண்டு

இவ்வணியின் சட்டைகளுள் ஒன்று உலக வரலாற்றில் இடம்பெற்றது. 1880களின் பின் பெரும் அணிகளிற் கறுப்பினத்தவர் எவரையும் சேர்த்ததில்லை. அவ்வழக்கத்தை உடைத்து, 1947 ஏப்பிரல் 15 ஆம் நாள், 42 என்னும் எண் தரித்து எபெற்ஸ் பீல்டில் இறங்கினார் ஜாக்கி றொபின்சன். எதிரணியினரின் வசைமொழிகளையும் மிரட்டற் கடிதங்களையும் பொறுத்து ஆடினார். 1949 இல் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் எனத் தெரிவானார்.

சட்டையில் எண் பொறிப்பது அடையாளத்தின் பொருட்டு எழுந்த வழக்கமே. 1929 இல் யாங்கீஸ் அணியினர் எண் தரித்தபொழுது, அடிக்கும் வரிசைப்படியே மூன்றாமவரான பேப் றூத்துக்கு 3, நான்காமவரான லூ கெரிக்குக்கு 4 எனக் கொடுத்தனர். 1939 இல் கெரிக் நோயுற்று விலகியபொழுது, 'இனி இவ்வெண்ணை வேறெவரும் தரியார்' என்று 4 ஐ ஒதுக்கி வைத்தனர். அங்ஙனம் எண் ஒன்று மனிதர் ஒருவருக்கு உரியதாயிற்று. 42 ஆம் எண்ணையோ, 1997 இல் எல்லா அணிகளும் ஒருங்கே ஒதுக்கின. 2009 முதலாக ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 இல் மட்டும் எல்லா ஆட்டக்காரரும் அவ்வெண்ணையே அணிகின்றனர். அன்று மைதானத்தில் எவர் எவரென அறிதல் அரிது. அறிய வேண்டியவர் ஒருவரே என்பது கருத்துப் போலும்.

ஊர் இழந்த அணி

ஈற்றில் அந்த 'அடுத்த ஆண்டு' வந்தது. 1955 ஒக்டோபர் 4 இல், 23 வயதினரான ஜொனி பொட்றெஸ் என்பவர் பந்தெறிய, ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸை 2-0 என வென்று புறூக்ளின் முதன்முறையாக உலகத் தொடரைக் கைப்பற்றியது. முதன்முறை மட்டுமன்று, அதுவே புறூக்ளினுக்குக் கடைசி முறையுமாம்.

அணியின் உரிமையாளர் வோல்ரர் ஓமலி, பழைய அரங்கம் போதாதென்று புறூக்ளினின் நடுவே புதியதொன்று கட்ட விரும்பினார். நகர நிர்மாணத்தில் பேரதிகாரம் செலுத்திய றொபேட் மோசஸ் அந்நிலத்தைப் பெற்றுத்தர இசையாது, வேறொரு பகுதியைக் காட்டினார். இருவரும் இணங்கவில்லை. 1957 இலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்த அந்த அணி, நட்டத்தால் அன்றி, மேலும் பெரிய இலாபத்தை நாடியே நீங்கியது. அவ்வாண்டு செப்ரெம்பர் 24 இல் எபெற்ஸ் பீல்டின் கடைசி ஆட்டத்தைக் கண்டோர் 6,702 பேர். ஒக்டோபர் 8 இல் அணி லொஸ் ஏஞ்சல்ஸுக்குச் செல்லும் செய்தி வெளியாயிற்று. 1960 பெப்ரவரி 23 இல் அரங்கத்தை இடிக்கத் தொடங்கினர். இடிக்கும் இரும்புக் குண்டுக்கு வெள்ளை பூசித் தையல்கோடு வரைந்து, பேஸ்போற் பந்தைப் போலவே ஆக்கியிருந்தனர். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

இழப்பு ஒருபுறத்தோடு நின்றதுமன்று. லொஸ் ஏஞ்சல்ஸில் அணியின் புதிய அரங்கம் 1962 இல் எழுந்த இடம் சாவெஸ் ரவீன் என்னும் மேட்டுநிலம். அங்கே வாழ்ந்த மெக்சிக்கோ வழிவந்த குடும்பங்களை, 1950களின் தொடக்கத்தில் பொதுவீடுகள் கட்டுவதாகக் கூறி எழுப்பினர். பின்னர் அத்திட்டமே கைவிடப்பட்டது. இறுதிவரை நின்ற குடும்பத்தாரை 1959 இல் வீட்டினின்றும் பலவந்தமாகத் தூக்கி அகற்றினர். ஓரூரார் தம் அணியை இழந்தனர். மற்றோரூரார் அவ்வணிக்காகத் தம் வீட்டை இழந்தனர். இடம்பெயர்தல் இன்னதென்பதை நம்மவர்க்கு யான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சட்டை மாத்திரம் மாறவில்லை. 1938 முதல் மார்பில் ஓடிய நீலநிறக் கையெழுத்தும், 1952 இல் முன்புறத்தில் ஏறிய சிவப்பு எண்ணும் இன்றும் லொஸ் ஏஞ்சல்ஸ் சட்டையில் அவ்வாறே உள்ளன. தொப்பியிலிருந்த 'பி' என்னும் எழுத்து மட்டுமே போயிற்று. அந்த எழுத்துப் பொறித்த நீலத் தொப்பியை, அரங்கத்தைக் கண்ணாலும் காணாத இளைஞர்கள் இன்றும் புறூக்ளினில் அணிந்து திரிகின்றனர்.

போற்றும் முறை

இனி, யான் பிழை செய்து கற்ற பாடத்தைக் கூறுவேன்.

பண்டைய சட்டைகள் கம்பளித் துணியாலானவை. கோடை வெயிலிலும் அவற்றையே தரித்து ஆடினர். 1940களில் புறூக்ளின் அணியினர் இரவு ஆட்டத்தில் விளக்கொளி பட்டு மின்னும்படி பளபளப்பான சற்றின் சட்டைகளும் அணிந்ததுண்டு. 1970 இல் பிற்ஸ்பேர்க் அணி செயற்கை நூற் பின்னற் சட்டையைக் கொணர்ந்ததன் பின் கம்பளி மறைந்தது. பழைய சட்டைகள் ஆண்டு முடிவில் சிறிய அணிகளுக்குக் கைமாறி, கிழியுமட்டும் உழைத்தன. ஆதலின் எஞ்சியவை சிலவே.

கம்பளிக்குப் பகை அந்துப்பூச்சியும் வெயிலும். அதனைக் கொளுவியில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே தோள் இழுபட்டு உருக்குலையும். அமிலமற்ற வெண்தாளை இடையிட்டுப் பெட்டியிற் படுக்கையாக வைத்தல் நன்று. பிளாஸ்ரிக் உறையிற் கட்டி வைத்தால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மடிக்கும்பொழுது எழுத்தின் மேல் மடிப்பு விழாதவாறு காத்தல் வேண்டும்.

செயற்கை நூற் சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பி, குளிர்நீரில் மென்மையான சவர்க்காரத்தால் அலச வேண்டும். வெளுப்புத்தூள் ஆகாது, முறுக்கிப் பிழிதல் ஆகாது, நிழலிலேயே உலர்த்தல் வேண்டும். எழுத்தும் எண்ணும் சில சட்டைகளில் தைக்கப்பட்டிருக்கும். விலை குறைந்தவற்றில் சூட்டினால் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டியவற்றின் மேல் ஸ்திரிக்கைப் பெட்டி படவே கூடாது.

இவையனைத்தினும் மேலானது ஒன்றுண்டு. ஆட்டக்காரர் அணிந்த சட்டைகளைச் சேர்த்து வைப்போர், அவற்றிலுள்ள மண்ணையும் புற்கறையையும் தையலிட்ட கிழிசலையும் அழிப்பதில்லை. அவையே அச்சட்டை ஆடுகளம் கண்டதென்பதற்குச் சாட்சியாம். ஏட்டுச்சுவடியை ஆராய்வார்க்கு இது புதுமையன்று. தமக்கு விளங்காத பாடத்தைப் பிழையென்று திருத்துபவன், சுவடியைத் தூய்மை செய்வதாக எண்ணிக்கொண்டு அதன் உயிரை வாங்கிவிடுகின்றான். இதனை மாணாக்கர்க்கு எச்சரிக்கும் யானே, அத்தானின் சட்டையில் அத்தவற்றைச் செய்தேன்.

அணி யாருடையது?

பணம் கொடுத்து வாங்கியவருடையது என்று சட்டம் கூறும். 1957 இல் அவ்வாறே முடிந்தது. அன்பு செய்தாருக்கு அரங்கத்தில் ஒரு செங்கல்லும் உரிமையில்லை. அவர்கள் கைவசமாவது ஒரு சட்டையும் ஒரு தொப்பியுமே. ஆயின், அணி போனபின்னும், அரங்கம் இடிந்தபின்னும், அணிந்தவர் மாண்டபின்னும், எஞ்சி நிற்பது அதுவாகவே இருக்கின்றது. அதனாலன்றோ அதனைப் போற்றுகின்றனர்!

மருமகன் திரும்புமுன், புதிய எண் வாங்கி ஒட்டுவிக்கப் பணம் தர முன்வந்தேன். "வேண்டாம் மாமா. அப்பா போட்டதும் இதுதான், நீங்கள் துவைத்ததும் இதுதான். இப்படியே இருக்கட்டும்" என்றான். இருவருமாக வெண்தாள் இடையிட்டு, பாதி எண்ணின்மேல் மடிப்பு விழாது பார்த்து, அச்சட்டையைப் பெட்டியில் வைத்தோம்.